டர்பன் – மாரிட்ஸ்பர்க் குன்றுச் சாலை: சைக்கிளில் முதன்முறை போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில், இங்கே டர்பன் பக்கம் புதிதாக சைக்கிள் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான். "அண்ணா, டர்பனிலிருந்து மாரிட்ஸ்பர்க் எவ்வளவு தூரம்?" பழைய சாலை வழியாக 85 கிலோமீட்டர் சொச்சம். ஆனால் தூரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்பியவர்கள்தான் பாதி வழியில் நின்று வீட்டுக்கு போன் போடுகிறார்கள். ஏற்றம் எவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டும். கடலோரத்தில் தொடங்கும் அந்தச் சாலை, உம்லாஸ் ரோடு என்ற இடத்தில் ஏறக்குறைய 810 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. அதுவும் ஒரே சீராக ஏறுவதில்லை. ஏறியதையெல்லாம் இறக்கிவிட்டு, இறங்கியதை மறுபடி ஏறச் சொல்லும்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் சைக்கிள் பழகியவன். அங்கே ஏற்றம் என்றால் வெண்ணாற்றுப் பாலம்தான். இங்கே வேலைக்கு வந்து முதல் வருடம், சமவெளியில் 60 கிலோமீட்டர் மிதித்த தைரியத்தில் ஹில்கிரெஸ்ட்டிலிருந்து கிளம்பி, இஞ்சாங்கா ஏற்றத்தின் நடுவில் கால் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். அன்று எனக்குத் தெரியாமல் போனவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தக் குவாசூலு-நட்டால் மாகாணத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழர்களுக்கும், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், நார்த்டேல் என்று இங்கேயே பிறந்து வளர்ந்து இப்போதுதான் சைக்கிள் பக்கம் வந்திருப்பவர்களுக்கும் உதவும்.

முதலில் சாலையைத் தெரிந்துகொள்ளுங்கள். டர்பனையும் மாரிட்ஸ்பர்க்கையும் இணைக்கும் பெரிய சாலை என்3. அது அதிவேகச் சாலை. சைக்கிளுக்கு அனுமதி கிடையாது, நினைத்தும் பார்க்காதீர்கள். நமக்குரியது ஆர்103 என்ற பழைய நெடுஞ்சாலை. ஹில்கிரெஸ்ட்டைத் தாண்டியதும் அது உம்கேனி ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல்விளிம்பை ஒட்டி ஓடுகிறது. வலது பக்கம் கண்ணுக்கெட்டிய வரை மடிப்பு மடிப்பாகக் குன்றுகள். 'ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு' என்று பெயர். சாலைக்குப் பக்கத்திலேயே பழைய ரயில் பாதையும் வளைந்து வளைந்து கூட வரும். 1880இல் ரயில் மாரிட்ஸ்பர்க்கை எட்டியது இந்த வழியில்தான். 1893 ஜூன் மாதம் டர்பனில் முதல் வகுப்புப் பெட்டியில் ஏறிய இளம் வழக்கறிஞர் காந்தியைக் கொண்டுபோனதும் இதே பாதைதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மிதித்தால் அந்தத் தண்டவாளம் வேறு மாதிரி தெரியும்.

சைக்கிள் விஷயம்

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை, ஏறக்கூடிய கியர் தேவை. கடைக்குப் போனால் சைக்கிள் எவ்வளவு இலேசு என்றுதான் சொல்வார்கள். நீங்கள் பற்களை எண்ணுங்கள். முன்னால் இருக்கும் சிறிய பல்சக்கரத்தில் 34 பல்லும், பின்னால் இருக்கும் மிகப் பெரிய பல்சக்கரத்தில் 32 அல்லது 34 பல்லும் இருந்தால் இந்தக் குன்றுகளை உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். பழைய பந்தய சைக்கிள்களில் முன்னால் 39, பின்னால் 25 என்று இருக்கும். பழகாத முழங்காலுக்கு அது ஆகாது. பின் சக்கரத்தின் பல்தொகுதியை மாற்றுவது பெரிய செலவில்லை. மாற்றும்போது செயின் நீளம் போதுமா, செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் டெரெய்லியர் அதைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டயர் 28 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். ஆர்103இல் ஓரங்கள் பல இடங்களில் உடைந்து கிடக்கின்றன, மெல்லிய டயர் அடிக்கடி பஞ்சர் ஆகும். காற்றைக் கல் மாதிரி அடைக்க வேண்டாம். 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இந்த அகலத்தில் 70 பிஎஸ்ஐ சுற்றுவட்டாரம் போதும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டவே கூடாது. கையோடு இரண்டு டியூப், டயர் கழற்றும் நெம்புகோல் இரண்டு, ஒரு சிறிய பம்ப். வீட்டு வாசலில் உட்கார்ந்து பின் சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றி மாட்டுவதை மூன்று முறை செய்து பாருங்கள். அது வராமல் ஹில்கிரெஸ்ட்டைத் தாண்டாதீர்கள். போத்தாஸ் ஹில் மூடுபனியில் விரல் விறைத்துப்போய் நிற்கும்போது கற்றுக்கொள்கிற வேலை இல்லை அது.

ஹெல்மெட் இங்கே சட்டப்படி கட்டாயம். முன்னும் பின்னும் விளக்கு, பளிச்சென்ற நிறத்தில் சட்டை. வெயில் அடித்தாலும் பின்விளக்கை எரியவிடுங்கள், மரநிழலுக்குள் நுழையும்போது வண்டி ஓட்டுகிறவர் கண்ணுக்கு நாம் மறைந்துபோவோம்.

கடற்கரையில் பயிற்சி

குன்றுக்குப் போகும் முன் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை டர்பன் கடற்கரை நடைபாதையில் ஓட்டுங்கள். சமதளம், வண்டி கிடையாது. அங்கே வேகம் முக்கியமில்லை. கால் ஒரே சீராகச் சுற்ற வேண்டும், நிமிடத்துக்கு 80 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்று வந்தால் கியரைக் குறைத்து அதே 80ஐக் காப்பாற்றுங்கள். இந்தக் காற்றுதான் உங்கள் முதல் ஏற்றம். அப்புறம் ஒரு கையை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு, குப்பியைப் பார்க்காமலே திரும்ப வைக்கப் பழகுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் லாரி ஓடும் சாலையில் தடுமாறாமல் இருக்க இது வேண்டும்.

கியர் மாற்றுவதில் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. ஏற்றத்தில் கால் தவித்த பிறகு கியரைக் குறைக்கிறார்கள். அப்போது செயினில் முழு பாரமும் இருக்கும். கரகரவென்று சத்தம் போட்டுக் கழன்றுவிடும். ஏற்றம் கண்ணில் பட்டதுமே, கால் இன்னும் இலேசாக இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

முதல் குன்று: ஹில்கிரெஸ்ட்டிலிருந்து இஞ்சாங்கா

டர்பனிலிருந்தே மிதித்துக்கொண்டு வர வேண்டாம். பைன்டவுன் வரை நெரிசல், அதற்கு மேலே ஃபீல்ட்ஸ் ஹில் செங்குத்து. சைக்கிளைக் காரில் ஏற்றி ஹில்கிரெஸ்ட்டில் இறக்குங்கள். காலை ஆறரைக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் திரும்பி வரலாம். போகவர 30 கிலோமீட்டருக்குள்தான்.

நேரத்தைக் கணக்கிட நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். சமதளத்தில் ஆகும் நேரத்தைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் பத்து நிமிடம் கூட்டுங்கள். ஏற்றத்தின் அளவை ஸ்ட்ராவா போன்ற செயலியில் பாதையை வரைந்து முன்னாலேயே பார்த்துக்கொள்ளலாம். சரிவு 6 சதவீதம் என்று காட்டினால், 100 மீட்டர் தூரத்தில் 6 மீட்டர் உயர்கிறீர்கள் என்று பொருள். புதியவருக்கு 6 வரை தாங்கும். அதற்கு மேல் என்றால் கடைசிக் கியர்தான்.

கிளம்பியதுமே போத்தாஸ் ஹில் ஏற்றம் வந்துவிடும். இரண்டு கிலோமீட்டருக்கு மேல். மூச்சு வாங்காமல் கூட வருகிறவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வேகம் அதிகம். கையால் ஹேண்டில்பாரை இறுக்காதீர்கள், தோளைத் தளர்த்துங்கள். எழுந்து நின்று மிதிப்பது சுகமாக இருக்கும், ஆனால் இதயத்துடிப்பு எகிறும். முதுகை நீட்டுவதற்காக இருபது மிதி நின்றால் போதும், திரும்ப உட்காருங்கள். ஏற்றம் முடிந்து குன்றுகளின் காட்சி திறக்கும்போது நிறுத்தி இறங்கிப் பாருங்கள். ஓட்டிக்கொண்டே வலப்பக்கம் திரும்பிப் பார்ப்பது ஆபத்து.

அங்கிருந்து டிரம்மண்ட் நோக்கி இறங்கும் வழியில்தான் நான் தவறாமல் நிற்கும் இடம் இருக்கிறது. இந்தச் சாலை சைக்கிள்காரர்களுக்குச் சொந்தமாவதற்கு முன்பே ஓட்டக்காரர்களுடையது. முதல் உலகப் போரில் இறந்த தோழர்களின் நினைவாக, போரிலிருந்து திரும்பிய விக் கிளாபம் என்பவர் 1921 மே 24 அன்று தொடங்கிவைத்த காம்ரேட்ஸ் மாரத்தான் இன்றும் இந்த வழியாகத்தான் போகிறது. ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓட்டம். ஒரு வருடம் மேல்நோக்கி, மறு வருடம் கீழ்நோக்கி என்று பெரும்பாலும் மாறி மாறி வரும். ஓடி முடித்தவர்களின் பெயர்களைப் பதித்த கௌரவச் சுவர் சாலையோரமாக நீள்கிறது. அதற்குப் பக்கத்திலேயே மண்மேட்டில் குடைந்த ஒரு சிறிய மாடம். ஐந்து முறை வென்ற ஆர்தர் நியூட்டன் உட்கார்ந்து இளைப்பாறிய இடம் என்று சொல்வார்கள். அந்த வழியாக ஓடுகிறவர்கள் அதில் ஒரு பூவை வைத்து, ஆர்தருக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள். நாங்களும் வீட்டுச் செம்பருத்தி ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டுபோவோம். வேப்பமரத்தடிப் பிள்ளையாருக்குப் பூ வைத்துப் பழகிய கைக்கு இது அந்நியமாகத் தெரியாது.

அந்தச் சுவரின் முன் நிற்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கறுப்பின மக்களும் பெண்களும் இந்த ஓட்டத்தில் முறைப்படி சேர்க்கப்பட்டது 1975இல்தான். ராபர்ட் எம்ட்ஷாலி 1935லேயே ஓடி முடித்திருந்தார், அவருடைய ஓட்டம் அதிகாரபூர்வமாகக் கணக்கில் ஏறவில்லை. 1989இல் சாம் ட்ஷாபலாலா வென்றபோதுதான் முதல் கறுப்பின வெற்றியாளர் கிடைத்தார். சாலை எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. இன்று நாம் இங்கே நிம்மதியாக மிதிக்கிறோம் என்றால் அதற்குப் பின்னால் நிறைய பேர் இருக்கிறார்கள்.

டிரம்மண்ட் தாண்டியதும் இஞ்சாங்கா. வளைந்து வளைந்து போவதால் உச்சி கண்ணுக்குத் தெரியாது, 'அடுத்த வளைவில் முடிந்துவிடும்' என்று நினைத்து வேகத்தைக் கூட்டுவோம். என்னை உட்காரவைத்தது அதுதான். முடிவு தெரியாத ஏற்றத்தில், தொடங்கிய வேகத்தைவிட ஒரு படி குறைவாகவே ஏறுங்கள். உச்சியில் பத்து நிமிடம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அப்படியே திரும்புங்கள். முதல் முறைக்கு இதுவே போதும். மேற்கொண்டு கேட்டோ ரிட்ஜ் பக்கம் போனால் கனரக லாரிகள் அதிகம். பத்துப் பதினைந்து தடவை குன்று பழகிய பிறகு, நாலு பேராகச் சேர்ந்து, ஞாயிறு காலையில் மட்டும் அந்தப் பகுதிக்குப் போங்கள்.

இறக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடிபடுவது இறக்கத்தில்தான். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழைந்ததும் விட்டுவிடுங்கள். வளைவின் வெளிப்பக்கக் கால் கீழே இருக்கட்டும், உடல் எடையை அந்தக் காலில் வையுங்கள். பார்வை சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் குழியில் நிற்கக் கூடாது, வளைவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். கண் போகிற பக்கம்தான் சைக்கிளும் போகும். இஞ்சாங்கா, டிரம்மண்ட் பக்கம் ஆடுமாடு சட்டென்று சாலைக்கு வரும். ஓர் ஆட்டைப் பார்த்தால் பின்னால் இன்னும் மூன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தின்பது, குடிப்பது, வானிலை

மணிக்கு அரை லிட்டர் தண்ணீர். டர்பன் கோடையில் அதற்கும் மேல். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் சவாரிக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கும். அப்படியானால் மணிக்கு ஒரு பழமும் நாலு பேரீச்சம்பழமும் தாராளம். பசிக்கும் முன்பே தின்னுங்கள், பசித்த பிறகு தின்றால் உடம்பில் சேர நேரம் எடுக்கும். நான் குடியிருக்கும் வீட்டு ஆயா உருளைக்கிழங்கை வேகவைத்து உப்பும் மிளகும் தூவி, காகிதத்தில் சுற்றித் தருவார். கடையில் விற்கும் இனிப்புக் கூழ் எதுவும் அதற்கு ஈடாகாது. ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌ எல்லாம் சவாரி முடிந்த பிறகு. முன்னால் சாப்பிட்டால் போத்தாஸ் ஹில்லிலேயே வருத்தப்படுவீர்கள்.

மே முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம், மழை குறைவு. ஆனால் உள்நாட்டில் காலைக் குளிர் கடுமையாக இருக்கும், உறைபனி விழும். கையுறையும் கழற்றி மடிக்கக்கூடிய காற்றுச்சட்டையும் வேண்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை பிற்பகலில் இடிமழை வரும், பதினொரு மணிக்குள் வீடு சேருங்கள். குளிர்காலக் கடைசியில் உள்நாட்டு மலைகளிலிருந்து சூடான வறண்ட காற்று வீசும் நாட்கள் உண்டு. அன்றைக்கு வீட்டில் செயினைத் துடைத்து எண்ணெய் போடுங்கள்.

பாதுகாப்பு

தனியாகப் போகாதீர்கள். பெண்களுக்கு மட்டும் சொல்லவில்லை, எல்லோருக்கும்தான். உள்ளூர்க் குழுவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். ஹில்கிரெஸ்ட்டில் ஞாயிறு காலை நின்றாலே யாராவது சேர்த்துக்கொள்வார்கள். போன் கண்ணில் படும்படி வேண்டாம். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள். அவசரத்துக்குச் செல்போனில் 112, போலீஸுக்கு 10111, ஆம்புலன்ஸுக்கு 10177. இவற்றை ஒரு சீட்டில் எழுதி, இரத்த வகையும் வீட்டு எண்ணும் சேர்த்துச் சட்டைப் பையில் வையுங்கள்.

நம் ஊர் போலவே இங்கும் இடப்பக்கம்தான், ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். மினிபஸ் டாக்ஸி முன்னறிவிப்பில்லாமல் ஓரம் கட்டும், அதன் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். வழியில் நடந்து போகிறவர்களுக்கு 'சவுபோனா' என்று சூலு மொழியில் வணக்கம் சொல்லுங்கள். தண்ணீர் தீர்ந்துபோன ஒரு நாளில், நான் வணக்கம் சொல்லிக் கடந்த ஒரு அம்மாதான் என்னைக் கூப்பிட்டுக் குப்பியை நிரப்பிக் கொடுத்தார்.

மாரிட்ஸ்பர்க்: மெதுவாகச் சுற்ற ஒரு காலை

இரண்டாவது சவாரிக்கு ஊருக்குள் சுற்றுவதைச் சொல்வேன். தூரம் குறைவு, நிற்கும் நேரம் அதிகம். ரயில் நிலையத்தில் தொடங்குங்கள். 1893 ஜூன் 7 இரவு, முதல் வகுப்புச் சீட்டு கையில் இருந்தும் காந்தியை இறக்கிவிட்ட நிலையம் இது. ஜூன் இங்கே குளிர்காலம். அவருடைய மேல்கோட்டு பெட்டியோடு அதிகாரிகளிடம் இருந்தது. கேட்டால் மறுபடி அவமானப்படுத்துவார்களோ என்று கேட்காமல், விளக்கில்லாத காத்திருப்பு அறையில் நடுங்கியபடி இருந்தார். ஜூன் மாதக் காலையில் சைக்கிளில் அங்கே போய், வியர்வை ஆறும்போது அந்தக் குளிர் முதுகில் ஏறுவதை ஒருமுறை உணர்ந்து பாருங்கள். எங்கள் ஆயா நான் கிளம்பும்போதெல்லாம் சொல்வார்: "ஸ்டேஷனுக்குப் போனா என் பேர்ல ஒரு நிமிஷம் நின்னுட்டு வா, தம்பி." அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். மதராஸிலிருந்து 342 பேரோடு புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. இங்குள்ள நம்மவர்களின் கதை அதிலிருந்து தொடங்குகிறது.

நிலையத்திலிருந்து சர்ச் தெரு வழியாக இறங்கினால், நூற்றாண்டு நினைவாக 1993இல் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு திறந்துவைத்த காந்தி சிலை. சற்றுத் தள்ளி நகர மன்றம், செங்கல்லால் கட்டிய பெரிய கோபுரக் கட்டடம். முதல் கட்டடம் 1898இல் எரிந்து, 1901இல் மறுபடி எழுப்பியது. லாங்காலிபலேலே தெருவில் சிவசுப்பிரமணியர், மாரியம்மன் கோயில். பெரிய வெள்ளிக்கிழமை இங்கே தீமிதி, அன்றைக்கு அந்தப் பக்கம் சைக்கிள் கொண்டுபோக முடியாது, நடந்து போங்கள்.

பழைய சிறை பர்கர் தெருவில் இருக்கிறது. பெரும்பாலான வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. தமிழர்கள் கடக்கக் கூடாது. ஜொகனஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை, 1913 சத்தியாகிரகத்தில் கைதாகி மாரிட்ஸ்பர்க் சிறையில் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று, தம் பதினாறாவது பிறந்தநாளில் இறந்துபோனார். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளோடு சவாரி வந்தால் இங்கே நிறுத்தி இதைச் சொல்லுங்கள்.

தெம்பு மிச்சமிருந்தால் ஊரின் கிழக்கே பாலி ஷார்ட்ஸ் ஏற்றத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வரலாம். 1.8 கிலோமீட்டர்தான், மேல்நோக்கி ஓடும் காம்ரேட்ஸ்காரர்கள் 80 கிலோமீட்டர் முடித்த பிறகு இதை ஏறுகிறார்கள்.

ஹோவிக்: அடுத்த படி

மாரிட்ஸ்பர்க்கிலிருந்து பழைய ஹோவிக் சாலை வழியாக ஹில்டன் வரை ஏறக்குறைய 400 மீட்டர் ஏற்றம். இடைவேளையே இல்லாத ஒரே ஏற்றம், அதனால் இஞ்சாங்காவைவிட இது மனத்துக்குச் சுலபம். ஒரு தாளத்தைப் பிடித்து விட்டுவிடாமல் போனால் ஒரு மணி நேரத்தில் மேலே இருக்கலாம். ஹில்டனில் மூடுபனி சகஜம், விளக்கு இரண்டும் எரியட்டும். அதற்கப்பால் சாலை ஓரளவு இலகுவாகி மிட்லண்ட்ஸ் புல்வெளிகளுக்குள் போகிறது. ஹோவிக்கில் நகரத்தின் ஓரத்திலேயே உம்கேனி ஆறு அருவியாக விழுகிறது. இஞ்சாங்கா பக்கம் நாம் மேலிருந்து பார்த்த பள்ளத்தாக்கை அறுத்தது இந்த ஆறுதான்.

ஹோவிக் தாண்டி ஆர்103இல் இன்னும் சில கிலோமீட்டர் போனால் நெல்சன் மண்டேலா பிடிபட்ட இடம். 1962 ஆகஸ்ட் 5 அன்று, கார் ஓட்டுநர் வேடத்தில் டர்பன் பக்கமிருந்து ஜொகனஸ்பர்க் நோக்கிப் போய்க்கொண்டிருந்தவரைப் போலீஸ் இந்தச் சாலையில் மறித்தது. அதற்குப் பிறகு 27 ஆண்டுச் சிறை. ஐம்பதாவது ஆண்டில், 2012இல், சிற்பி மார்கோ சியான்ஃபனெல்லி 50 எஃகுத் தூண்களை இங்கே நட்டார். பக்கத்தில் போனால் ஒழுங்கற்ற கம்பிகள். சைக்கிளைப் பூட்டிவிட்டு நடைபாதையில் இறங்கிப் போங்கள், பெடலில் மாட்டும் சைக்கிள் காலணி என்றால் அதன் அடிக்கட்டை வழுக்கும், சாதாரண செருப்பு ஒன்று பையில் இருந்தால் நல்லது. சுமார் 35 மீட்டர் தொலைவில் ஓர் இடத்தில் நிற்கும்போது தூண்கள் ஒன்றுசேர்ந்து மண்டேலாவின் முகம் ஆகும். ஓரடி நகர்ந்தால் கலைந்துவிடும்.

திரும்பும்போது ஹில்டனிலிருந்து மாரிட்ஸ்பர்க் வரை நீண்ட இறக்கம். வியர்த்த உடம்போடு அதில் இறங்காதீர்கள். ஹில்டனில் நிறுத்தி, காற்றுச்சட்டையையும் கையுறையையும் போட்டுக்கொண்டு, பிரேக் இரண்டும் பிடிக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு இறங்குங்கள்.